வைரஸ் பிறக்கும் முன்பே அதன் கணக்கைப் போட்ட மேதை... யார் இந்த ஜான் வான் நியூமன்?

பில் என்று பெயர் போட்டு வந்த ஃபைலைக் கிளிக் செய்கிறோம். அடுத்த நிமிடமே கம்ப்யூட்டரில் வைரஸ்! ஒரு ஃபைலைத் திறந்தாலே இப்படி ஆவது ஏன்? இதற்கான பதில், 1957-லேயே இறந்துபோன ஒரு கணித மேதையின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் ஒரு வைரஸைக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அப்பாவின் கவலை

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1903 டிசம்பர் 28-ம் தேதி, வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஜான் வான் நியூமன். அப்பாவுக்கு வங்கி வேலை. கணிதம் படித்தால் சம்பாதிக்க முடியுமா என்பது அவருடைய கவலை. அதனால் மகன் இரண்டையும் படித்தார். 1926-ல் புடாபெஸ்ட்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம், அதே ஆண்டு சூரிச்சில் வேதிப் பொறியியல் டிப்ளமோ.

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே போட வேண்டிய கணக்குகள் மலைபோல் குவிந்தன. வேகமான இயந்திரம் அவசரமாகத் தேவைப்பட்டது.

ரயில் நிலையத்தில் கிடைத்த தகவல்

1944 கோடைக்காலத்தில், அபர்டீன் ரயில் நிலையத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரியைச் சந்தித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணினி தயாராவது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எனியாக்கில் ஒரு சிக்கல். புதுக் கணக்கு கொடுக்க வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். நாட்கணக்கில் ஆகும். கட்டளைகளையும் தகவல்களைப் போலவே நினைவகத்தில் வைத்துவிட்டால்? 1945 ஜூனில் இந்த யோசனையை விளக்கும் எட்வாக் அறிக்கையை வான் நியூமன் எழுதினார்.

அறிக்கையில் இருந்தது அவர் பெயர் மட்டுமே. எனியாக்கை உருவாக்கிய எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் இதில் கடும் கோபம். அந்த யோசனை யாருடையது என்ற சண்டை பல ஆண்டுகள் ஓடியது.

சரி, இதுக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? கட்டளை, தகவல் இரண்டுமே நினைவகத்தில் வெறும் எண்கள்தான். அதனால்தான் ஒரே கம்ப்யூட்டரில் கடிதம் எழுதலாம், படமும் பார்க்கலாம். தகவல் மாதிரி வேஷம் போட்டு ஒரு கட்டளை உள்ளே நுழையவும் இதே அமைப்புதான் வழிவிடுகிறது.

தன்னையே நகலெடுக்கும் இயந்திரம்

உயிர்கள் தம்மைப் போலவே இன்னொரு உயிரை உருவாக்குகின்றன. இயந்திரத்தால் அது முடியுமா? 1948, 1949-ம் ஆண்டுகளில் கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் இதைப் பற்றி அவர் உரையாற்றினார்.

இயந்திரம் தன் சொந்த வரைபடத்தைத் தானே சுமக்க வேண்டும். அதைப் படித்துப் புது இயந்திரத்தைக் கட்ட வேண்டும். பிறகு அதே வரைபடத்தை நகலெடுத்துப் புதியதற்குள் வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் முடியும் என்பதே அவர் கண்ட விடை.

புத்தகத்தை முடிக்க ஆயுள் போதவில்லை. 1955-ல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1957 பிப்ரவரி 8-ம் தேதி வாஷிங்டனில் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 53. அவர் விட்டுப்போன பக்கங்களை ஆர்தர் பர்க்ஸ் தொகுத்து முடித்து, 1966-ல் நூலாக வெளியிட்டார்.

காகிதத்திலிருந்து ஃபிளாப்பிக்கு

1971-ல் க்ரீப்பர் என்ற சோதனை புரோகிராம் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. 1982-ல் 15 வயது பள்ளி மாணவர் ஒருவர் விளையாட்டாக எழுதிய எல்க் குளோனர், ஃபிளாப்பி வழியே ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் பரவியது. எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராம் இருக்கவே முடியாது என்று 1980-களில் ஃப்ரெட் கோஹன் நிரூபித்தார். ஆன்டிவைரஸ் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்க கம்ப்யூட்டருக்கு என்ன பாடம்?

* தகவல் இருக்கும் இடத்தில் கட்டளை ஓடாமல் தடுக்கும் வசதி இன்றைய ப்ராசஸர்களில் உண்டு. ஆனால் நீங்களே கிளிக் செய்து ஓட்டினால் அது தடுக்காது. ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி .இஎக்ஸ்இ என்றிருந்தால் அது பில் இல்லை, புரோகிராம்.
* மெயிலில் வந்த வேர்டு ஃபைல் மேக்ரோவை அனுமதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.
* அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்கியபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.
* முக்கியமான ஃபைல்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி வையுங்கள்.

வைரஸ் ஏறிவிட்டதா?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பென் டிரைவ் செருகாதீர்கள், அதில் தொற்றி அடுத்த கம்ப்யூட்டருக்கும் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் ஸ்கேனிடமிருந்தே ஒளியக்கூடும். அதனால் விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே சோதிக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் நல்லது. பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான போன் அல்லது கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. கழற்றி வைத்த ஹார்டு டிஸ்க் அப்போதுதான் கைகொடுக்கும்.