தமிழுக்குத் தட்டச்சு தந்த யாழ்ப்பாணத்தவர்: ஆர். முத்தையா

சண்டிலிப்பாயில் உள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்துக்குக் காணி, வீட்டுத்திட்டம், இழப்பீடு, மரணச் சான்றிதழ் என்று பல அலுவல்களுக்காக மக்கள் கடிதத்தோடு வருகிறார்கள். அந்தக் கடிதம் தமிழில் தட்டச்சாகியிருப்பதை இன்று எவரும் புதினமாகப் பார்ப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. தட்டச்சு என்றால் ஆங்கிலம். தமிழில் எழுதுவதென்றால் கைதான். அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா.

1886 பெப்ரவரி 24 இல் அவர் பிறந்தார். படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர் வேலை தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. 1907 இல் முத்தையாவும் போனார். பின்னர் சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் 1930 வரை பணியாற்றினார். ஆங்கிலத் தட்டச்சுப்பொறியுடன் பழகிய அவருக்கு, அதே வேலையைத் தமிழில் ஏன் செய்ய முடியாது என்ற கேள்வி எழுந்தது.

கேள்வி இலகு, விடை கடினம். தமிழில் 247 எழுத்துகள். பொறியில் இருந்ததோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். ஒரு விசைக்கு இரண்டு எழுத்து வைத்தாலும் நூறைத் தாண்டாது. ஆகவே எழுத்துகளைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அரவு (ா), கொம்பு (ெ) போன்றவை தனியே நிற்பவை. அவற்றுக்கு ஒவ்வொரு விசை போதும். சிக்கல் புள்ளியிலும் விசிறியிலும் (ி) இருந்தது. அவை எழுத்தின் மேலேயே விழ வேண்டும். ஆனால் விசையை அழுத்தியதும் தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்து இடம் நகர்ந்துவிடும்.

முத்தையா இதற்குப் பயன்படுத்திய வழி நகரா விசை. புள்ளியை முதலில் அடித்தால் உருளை அசையாது. அடுத்து அடிக்கும் ‘க’ அதே இடத்தில் விழுந்து ‘க்’ ஆகும். கையால் எழுதும் ஒழுங்குக்கு இது நேர்மாறு. ஆனால் இந்த மாற்றத்தால் முழுத் தமிழும் ஒரு சிறிய பொறிக்குள் அடங்கியது.

பொறி ஜேர்மனியில், டிரெஸ்டன் நகரின் சைடல் அன்ட் நௌமான் தொழிற்சாலையில் செய்விக்கப்பட்டது. 1939 இல் பிரித்தானியாவும் ஜேர்மனியும் போரில் இறங்கின. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. எங்கள் எழுத்தின் பொறியும் ஒரு போரைக் கண்டதுதான்.

1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, தமிழில் அலுவலகம் நடத்தத் தேவையான பொறி ஏற்கெனவே இருந்தது. தமிழ் விலக்கப்பட்டது கருவி இல்லாததால் அல்ல, மனம் இல்லாததால். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏற 1987 இன் 13 ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் குடாநாடு மின்சாரம் இன்றி இருந்தபோது, மின்சாரம் கேட்காத தட்டச்சுப்பொறி தொடர்ந்து பயன்பட்டது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, தூக்கிச் செல்ல முடியாத எத்தனையோ பொருட்களோடு அந்தப் பொறிகளும் பின்னால் நின்றன. ஆனால் விசை ஒழுங்கு விரல்களில் இருந்தது. தட்டச்சு வகுப்பில் ய, ள, ன, க என்று பழகியவர்கள் கணினியில் பாமினி எழுத்துருவுக்கு வந்தபோது அதே எழுத்துகளை அதே இடத்தில் கண்டார்கள். புலம்பெயர்ந்த தமிழர்களின் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் பல ஆண்டுகள் அந்த ஒழுங்கிலேயே எழுதப்பட்டன.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய், தன் பெயரில் போகும் முறைப்பாட்டைத் தானே வாசித்துவிட்டுக் கையொப்பமிட முடிகிறது. முத்தையாவின் உழைப்பு அந்தத் தாளிலும் உண்டு. அதற்குப் பதில் வருமா, வந்தாலும் தமிழில் வருமா என்பதற்கு எந்தப் பொறியும் பொறுப்பல்ல.