மருந்தை முன்னே கண்ட மேதை சுப்பாராவ்

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னர் அது தணியும் வழியைத் தேடவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. வைத்தியத்தின் இயல்பான வரிசையும் இதுவே. ஆயினும், குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோயின் வரலாற்றில் இவ்வரிசை மாறிற்று. நோயின் காரணம் துலங்குமுன்னே மருந்து வந்துவிட்டது. அம்மருந்து தோன்றுவதற்கு மூலவராய் விளங்கியவர், சென்னையிற் கல்வி பயின்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிஞர்.

1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், கோதாவரிப் பகுதியிலுள்ள பீமாவரத்தில், தெலுங்குக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டிற்று. மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் படித்து மூன்றாம் முறை தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை வைத்தியக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து சத்திரசிகிச்சை வகுப்புக்குச் சென்றமையால், ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். அதன் பயனாக, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிட்டியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் ஆசிரியராக அமர்ந்தார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தைப் பெருந்துயர் சூழ்ந்தது. உண்ட உணவு உடலிற் சேராமல், வயிற்றுப்போக்கினாலும் இரத்தச் சோகையினாலும் உடல் மெலிந்து மாயும் ஸ்புரூ என்னும் வெப்பநாட்டு நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியிற் கொண்டு சென்றது. அவரையும் அது பற்றியது, அரிதிற் பிழைத்தார். இந்நோய்க்கு மருந்து யாது என்னும் வினா அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1922இல், கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் புறப்பட்டார். பிறந்த மகன் ஓராண்டு நிறையுமுன்னே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் காணவேயில்லை. அவர் மீண்டும் தாயகம் திரும்பவுமில்லை.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் படிக்கும்போது, இரவிலே வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைச் சுத்தஞ்செய்து பொருள் ஈட்டினார். 1925இல், சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, இரத்தத்தில் உள்ள பொஸ்பரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். மாணவர் இன்றும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அதனைக் கற்கின்றனர். தசைகள் இயங்குவதற்குரிய ஆற்றலைத் தாங்கும் பொஸ்பரசுச் சேர்மங்களையும் இருவரும் அக்காலத்திற் கண்டறிந்தனர். 1930இற் கலாநிதிப் பட்டம் பெற்றும், அப்பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி அவருக்கு வாய்க்கவில்லை.

1940இல் நியூயோர்க் மாநிலத்தில் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, அதன் ஆய்வுகளை நெறிப்படுத்தலானார். அங்கேதான் பழைய வினாவுக்கு விடை கிடைத்தது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லாற் பெயர்பெற்ற ஃபோலிக் அமிலத்தை, 1945இல் அவருடைய குழுவினர் செயற்கையாக ஆக்கினர். புதிய இரத்தக் கலங்கள் உண்டாவதற்கு இன்றியமையாத சத்து அது. ஸ்புரூ நோயாளருக்கு அதனைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். சகோதரரைக் கொன்ற நோய்க்கு, ஏறக்குறைய கால் நூற்றாண்டின் பின் மருந்து கண்டார் சுப்பாராவ்.

இவ்வாய்வு இன்னொரு வாயிலையும் திறந்தது. பொஸ்டன் குழந்தைகள் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர், இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது, நோய் தணியாமல் விரைந்து பெருகக் கண்டார். நல்ல கலத்தை வளர்க்கும் சத்து தீய கலத்தையும் வளர்க்கின்றது; ஆகவே அச்சத்தைத் தடுத்தால் நோய் அடங்கலாம் என்று கருதினார். சுப்பாராவின் குழுவினர், ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவுடையதும் அதன் தொழிலை மறிப்பதுமான அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கி அளித்தனர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அது பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 16 பிள்ளைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்ததென 1948 சூனில் ஃபார்பர் வெளியிட்டார். தணிவு நிலைத்து நிற்கவில்லை. எனினும், ஒரு மருந்தால் இந்நோயை அடக்கலாம் என்பது அன்றுதான் முதன்முதல் தெளிவாயிற்று. அதன் இனமாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையில் முக்கிய இடம் பெறுகின்றது.

யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசினும் அவர் தலைமையில் வெளிவந்ததே. யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற வெற்றியில் அம்மருந்துக்கும் பங்குண்டு. 1948 ஓகத்து மாதத்தில், 53ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் மறைந்தார். அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. நோபல் பரிசும் பெறவில்லை.

அவர் காலத்தில் அறியப்படாத காரணத்தை இன்றைய அறிஞர் மரபணுவில் வாசிக்கின்றனர். மனித மரபணுத்தொகுதி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட பெருஞ்சுவடி போன்றது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பது தமிழ்ப் பதிப்பாசிரியர் அறிந்த தொழில். அதுபோலவே, ஒரு பிள்ளையின் புற்றுக் கலத்துச் சுவடியையும் அதே பிள்ளையின் நல்ல கலத்துச் சுவடியையும் ஒப்பிட்டு, இடையிற் புகுந்த பிழையைக் காண்கின்றனர். ஒரு புற்றுநோயாளரின் மரபணுத்தொகுதி முழுவதும் முதன்முதல் வாசிக்கப்பட்டது 2008இல். நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தோன்றும் நோய் உண்மையிற் பல வகைப்பட்டது என்பதை இவ்வாசிப்பு வெளிப்படுத்துகின்றது. எவ்வகைக்கு மென்மையான சிகிச்சை போதும், எவ்வகைக்குக் கடுமையானது வேண்டும், எதற்குத் தனி மருந்து உண்டு என்பதை வைத்தியர் அதனால் அறிகின்றனர். வசதி மிக்க நாடுகளில் இந்நோயின் பெரும்பான்மை வகைக்கு ஆளாகும் பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் இன்று பிழைக்கின்றனர்.

ஆயினும், பிள்ளை உரிய காலத்தில் வைத்தியசாலையை அடைந்தாலன்றி மரபணு வாசிப்பும் மருந்தும் பயன்படா. இத்தீவின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவிலிருந்து மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை நெடுந்தொலைவு. தோட்டத்துப் பிள்ளை வெளிறிச் சோர்ந்திருப்பின், சத்துக்குறைவு என்றோ பூச்சித் தொல்லை என்றோ எண்ணிவிடுவது எளிது. பெரும்பாலும் அவ்வாறே இருக்கவுங் கூடும். ஆனால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்புகள், ஈறில் இரத்தக் கசிவு, எலும்பு நோவு, கழுத்துக் கட்டிகள் ஆகியனவும் உடன் காணப்பட்டால், இரத்தப் பரிசோதனைக்குத் தாமதிக்கலாகாது. நாள்தோறும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியர் இவற்றைப் பெற்றோருக்கு முன்னரே எடுத்துரைக்க முடியும். சுப்பாராவின் வரலாற்றை வகுப்பிற் சொல்லும் ஆசிரியர்கள் இவ்வடையாளங்களையும் சேர்த்துச் சொல்வார்களாக.