கூட்டுப் பயணத்துக்கு வழிசெய்த தச்சர்

தோமஸ் குக் 1808இல் இங்கிலாந்தின் டேர்பிசயரில் பிறந்தார். 10 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர், பின்னர் தச்சரானார். மதுவிலக்குப் பிரசாரமும் செய்தார். 1841 யூலை 5ஆம் திகதி, ஒரு கூட்டத்துக்காகச் சுமார் 500 பேரை லெஸ்ரரிலிருந்து லவ்பறோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு சில்லிங். 1855இல் அன்ட்வேர்ப், பிரசெல்ஸ், கொலோன், பரிஸ் என ஐரோப்பிய நகரங்களுக்கே குழுவைக் கூட்டிப்போனார். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கும் வசதியையும் பின்னர் ஏற்படுத்தினார். செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த பயணம் சாதாரண குடும்பங்களுக்கும் எட்டியது. இறுதிக்காலத்தில் பார்வையிழந்து, 1892இல் மறைந்தார்.

இந்நகரங்களில் மொழி தெரியாமல், தனியாக வந்து இறங்கியவர்கள் நாம். இன்று விடுமுறைக்கு நாலு குடும்பம் சேர்ந்து, செலவைப் பகிர்ந்து, பிள்ளைகளோடு அதே தெருக்களை நடந்து பார்க்கத் திட்டமிடும்போது, அந்தத் தச்சர் திறந்த வழியில்தான் போகிறோம்.