மானிப்பாய் வைத்தியர் கிறீன்

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிய எங்கள் வீட்டுத் திண்ணையில், கையிலே ஓர் ஆங்கில அறிக்கையுடன் என் தாயார் அமர்ந்திருந்தார். சிறுநீரகக் கல்லைத் தேடி அவர் வயிற்றைச் சி.ரி. ஸ்கான் செய்தபோது, தேடாத ஒன்றும் உடன் தென்பட்டது. இரைப்பையின் சுவர் ஓரிடத்தில் தடித்திருக்கிறதாம். அதன் பொருளை அவர் வினவ, தமிழாசிரியனாகிய நான் விடை கூறத் தடுமாறினேன். மேற்கொண்டு எப்பரிசோதனைக்கும் வாரேன் என்று அவர் மறுத்துவிட்டார். அவ்வேளை என் நெஞ்சில் எழுந்த பெயர், வைத்தியர் சமுயேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்த கிறீன், மருத்துவம் கற்று, மிஷன் பணியின் பொருட்டு 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணி தொடங்கினார். உள்ளூர் இளைஞருக்கு மருத்துவமும் கற்பிக்கலானார். தொடக்கத்தில் போதனாமொழி ஆங்கிலமே. கற்றுத் தேர்ந்தவர் பலர் உத்தியோகம் நாடி வேற்றூர் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே துணையின்றி நின்றான். இதைக் கண்ட கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பதெனத் துணிந்தார்.

துணிந்தாயிற்று, நூல்களுக்கு எங்கே போவது? தாமே தமிழ் கற்று, மாணாக்கர் துணையுடன் மொழிபெயர்ப்பில் இறங்கினார். கிறே என்பாரின் உடற்கூற்றுப் பெருநூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழுருப் பெற்றது. மகப்பேறு, சத்திர வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளிலும் நூல்கள் வெளிவந்தன. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் நாடுவதும், கிட்டாதபோது வடசொல்லைக் கொள்வதும், அதுவும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைப்பதும் அவர் முறை. அவரிடம் பயின்ற வைத்தியர் 60க்கும் மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் பயின்றவர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்த அவர், 1884இல் காலமானார்.

எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல், சி.ரி. ஸ்கான் நோயாளருக்கு முதன்முதற் பயன்பட்டது 1971இல். இரண்டையும் கிறீன் கண்டாரல்லர். எனினும் அவர் காட்டிய வழியையே நான் பற்றினேன். வைத்தியரிடம் விவரம் கேட்டு வந்து, அன்னையாருக்குத் தமிழில் எடுத்துரைத்தேன். வெறுமையாய்ச் சுருங்கிய இரைப்பையும் படத்தில் தடித்துத் தோன்றும், அழற்சியாலும் தடிக்கும், சிலவேளை புற்றாலும் தடிக்கும். படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது. வாய்வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்து, வேண்டின் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தே உண்மை துணிய வேண்டும்.

புற்று என்ற சொல்லையும் நான் மறைக்கவில்லை. அன்னையார் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்தார். பின்னர், பரிசோதனைக்கு நாள் குறித்து வருமாறு என்னைப் பணித்தார்.