நிபந்தனைக்குக் கணிதம் வகுத்த ஜார்ஜ் பூல்

மதிப்பெண் 40-க்குக் குறையாது எனில் தேர்ச்சி, இன்றேல் தோல்வி. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் ஆளும் நிபந்தனை இது. ‘சி’ மொழியில் ஒரு கேள்விக்குறியும் ஒரு முக்காற்புள்ளியும் இதனைச் செய்து முடிக்கின்றன. மெய், பொய் என்னும் இரண்டையே நம்பி நிற்கும் இச்செயற்குறிக்குக் கணித அடித்தளம் இட்டவர் ஜார்ஜ் பூல்.

அவர் 1815-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்று பயிலும் வாய்ப்பு அமையவில்லை. பன்மொழிகளையும் உயர்கணிதத்தையும் பெரும்பாலும் தாமே கற்றார். 16-ஆம் வயதில் ஆசிரியப் பணி ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். பட்டம் பெறாத அவரை 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக் குயின்ஸ் கல்லூரி கணிதப் பேராசிரியராக அமர்த்தியது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி வகுத்தளித்த இயற்கணிதம் எண்களைப் பற்றியது. பூல் 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் இயற்கணிதத்தைத் தருக்கத்திற்கும் உரியதாக்கினார். தன்னாலேயே பெருக்கினும் மாறாத எண்கள் 0, 1 மட்டுமே. அவ்விரண்டின் மேல் சிந்தனையின் விதிகளை நிறுவினார். நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கும் எண்ணும்மை அவரிடம் பெருக்கலாயிற்று. 1937-இல் கிளாட் ஷானன் இக்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

1864-இல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து சென்ற பூல், நனைந்த உடையுடனேயே பாடம் நடத்தினார். நோயுற்று, டிசம்பர் 8-இல் தமது 49-ஆம் வயதில் மறைந்தார்.

வறுமை எனில் கல்வி இல்லை என்னும் நிபந்தனையை அவர் வாழ்வு பொய்யாக்கியது. குடும்பத்தில் முதல்வராகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டிய வரலாறு இது.