டாக்டர் சுப்பாராவும் கோழித் தீவனமும்

நாமெல்லாம் காசிக்கு வந்தது படிப்புக்காக. வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று எண்ணி, இவ்வூரை நோக்கி வீட்டை விட்டு ஓடிய ஒரு 13 வயதுப் பையனின் கதையை இம்முறை நம் சங்க மலருக்கு எழுதத் துணிந்தேன். யாத்திரிகர் கூட்டம் வற்றாத ஊர். பழம் விற்றால் லாபம் நிச்சயம் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை என்பதை இங்குள்ள கடைத்தெருவில் ஒரு நாள் நடந்தவர் எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் தாயார் விடவில்லை. ஆள் தேடிப் பிடித்து வந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

விவசாயம் படிக்கும் எனக்கு வைத்திய விஞ்ஞானியின் வாழ்க்கையில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தாய்மாமன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பள்ளி நாட்களில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் தீவனம் கலப்பது என் வேலை. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றோடு ஒரு பையிலிருந்து பழுப்பு நிறப் பொடியையும் அளந்து போடுவேன். குஞ்சு சீக்கு வராமல் ஊக்கமாக வளரும் என்பார் மாமா. பையின் மேல் குளோர்டெட்ராசைக்ளின் என்று அச்சிட்டிருந்தது. இங்கு வந்து இரண்டாம் ஆண்டில், ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தப் பொடியின் பூர்வீகம் தெரிந்தது. அது சுப்பாராவின் ஆராய்ச்சிசாலையில் பிறந்த மருந்து!

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் சூரர் என்று சொல்வதற்கில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (சென்ற பரீட்சையில் வழுக்கியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். அதற்கும் தாயார் சம்மதிக்கவில்லை. முடிவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்.

அது காந்திஜியின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை அறைக்குள்ளும் கதர் உடை அணிந்து போனார். ஆங்கிலேயரான அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஒரு துண்டுக் கதர்த் துணிக்கு அவர் கொடுத்த விலை அது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு போதிக்கும் வேலைக்குப் போனார். இதற்குள் அவருடைய சகோதரர் இருவரைச் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய் கொண்டு போய்விட்டது. நோயின் காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது. அந்த இழவு அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை.

1920-களின் தொடக்கத்தில் இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பிறகு அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை. இதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மனைவியின் நினைவுதான் வருகிறது.

ஹார்வர்டில் படித்துக்கொண்டே பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக, நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவி வயிறு வளர்த்தார். பகலில் ஆராய்ச்சி. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க 1925-இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து அவர் வகுத்த முறை அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. தசைகள் இயங்கச் சக்தி தரும் ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அப்படியிருந்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாகாணம் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிசாலைக்குப் போனார். ஆராய்ச்சித் தலைவராகவும் ஆனார்.

அடுத்த எட்டே ஆண்டுகள்! ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தனர் அவருடைய குழுவினர். சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் கண்டார்கள். இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்காக டாக்டர் ஃபார்பர் முதன்முதலில் கையாண்ட மருந்துகளும் அங்கிருந்தே போயின.

ஆரியோமைசினுக்கு வருகிறேன். 70 வயதைத் தாண்டி, பல்கலைக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் நிபுணர் லெடர்லியில் வேலைக்கு அமர்ந்தார். பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களைச் சோதிப்பது அவர் பணி. மிசௌரிப் பல்கலைக் கழகத்தின் விவசாயப் பண்ணையில், வைக்கோற்புல் விளைந்த ஒரு பாத்தியிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை 1945-இல் கண்டார். பெனிசிலினுக்கு மசியாத கிருமிகள் பலவற்றையும் அது சுரந்த மருந்து அடக்கியது. பொன்னைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார்கள். 1948-இல் ஆரியோமைசின் வெளியுலகுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 53-ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் தூக்கத்திலேயே காலமானார்.

பெரியோர் வாழ்க்கை எழுதுவோர் இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு இங்கேதான் கதை தொடங்குகிறது. அவர் மறைந்து சில மாதங்களுக்குள், அதே ஆராய்ச்சிசாலையில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்னும் இருவர் கோழிக் குஞ்சுகளுக்கு மலிவான சத்துணவு தேடினார்கள். ஆரியோமைசினைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தார்கள். அதில் வைட்டமின் இருக்கும் என்பது எண்ணம். 1948 கிறிஸ்துமஸ் நாளில் எடை போட்டால், சக்கை தின்ற குஞ்சுகள் மற்றவற்றை எல்லாம் மிஞ்சிக் கொழுத்திருந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தின் வேலை அது என்பது பின்னால் தெரிந்தது. 1950-இல் சேதி வெளியாயிற்று. 1951-இல் அமெரிக்க அரசு தீவனத்தில் மருந்து கலக்க அனுமதி கொடுத்தது. பன்றிக்கும் மாட்டுக்கும் அவ்வாறே. உலகமெங்கும் பரவி, ஒரு நாள் என் மாமாவின் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது.

இதில் என்ன கெடுதல்? நோயாளிக்கு மருந்து தரும்போது கிருமி சாகும் அளவுக்குத் தருகிறோம். தீவனத்திலோ ஒரு டன்னுக்குச் சில கிராம், அதுவும் நாள் தவறாமல். பலவீனக் கிருமிகள் சாகும். தாங்கும் குணமுள்ளவை பிழைத்துப் பெருகும். களையை மட்டும் விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்குவது போன்ற விவசாயம் இது. எதிர்ப்புக் குணத்தை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959-இல் காட்டினார்கள். கோழி தின்ற மருந்தில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியே வருகிறது, எச்சம் எருவாகிறது, எரு வயலுக்கும் மழைநீர் வழியே கிணற்றுக்கும் போகிறது. வயல் மண்ணிலிருந்து பிறந்த மருந்து, தனக்கு மசியாத கிருமிகளையும் அழைத்துக்கொண்டு வயலுக்கே திரும்புகிறது.

ஊகம் என்று தள்ளிவிட வழியில்லை. ஸ்டூவர்ட் லீவி என்ற டாக்டர் அமெரிக்காவில் ஒரு கோழிப்பண்ணையில் இதைச் சோதித்து 1976-இல் வெளியிட்டார். டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில் ஓரிரு வாரங்களில் எதிர்ப்புக் கிருமிகளே மிகுந்துவிட்டன. ஐந்தாறு மாதங்களில் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அவை பெருகிக் காணப்பட்டன. அவர்கள் அந்த மருந்தைத் தின்றவர்கள் அல்லர்! தீவனத்தை நிறுத்திய பிறகு பெரும்பாலோரிடம் அவை குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடுத்தது. மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை அப்படிப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2017-இல் நிறுத்தியது. வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்குத் தரக்கூடாதென்று நம் நாடு 2019-இல் தடை போட்டது.

போன வருஷம் என் அத்தைக்குச் சிறுநீர்த் தாரையில் கிருமி கண்டது. இரண்டு மருந்துகள் கேட்கவில்லை. மூன்றாவதாக ஊசி போட்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டார். அதற்குப் பண்ணைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் பழுப்புப் பொடியை அளந்த என் கை எனக்கு நினைவிலிருந்தது.

சுப்பாராவைக் குற்றம் சொல்வது அபசாரம். கோழிக்குப் போட அவர் மருந்து தேடவில்லை; அந்தச் சோதனை நடந்தபோது அவர் உயிரோடும் இல்லை. நோயில் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த மனிதர் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று மட்டும் யோசிப்பேன்.

பொங்கலுக்கு ஊர் போனபோது மாமாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கதர்ச் சட்டைப் பகுதியை ரசித்துக் கேட்டார். பொடியை நிறுத்தினால் குஞ்சு செத்தால் நஷ்டத்தை யார் தருவார் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு வெகு நேரம் பேசிய பின், இரண்டு குஞ்சுக் கொட்டகைகளில் ஒன்றில் மட்டும் பொடியை நிறுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டார். அந்தக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, குடிதண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பது அவர் பொறுப்பு. மே மாத விடுமுறையில் இரண்டு கொட்டகைக் குஞ்சுகளையும் தராசில் நிறுத்துப் பார்ப்பது என் பொறுப்பு.