குதிரை மீது பேசிப் பழகியவர்

மேடைப்பேச்சை முதலாண்டு மாணவர்க்குப் பயிற்றும் நாம் டேல் கார்னகியை அடிக்கடி நினைவுகூர்கிறோம். அவர் 1888-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஏழை உழவர் குடியில் பிறந்தவர். விடுதிக்குப் பணமின்றி, வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரிக்கு நாள்தோறும் குதிரையேறிச் சென்றார். வழியெல்லாம் உரக்கப் பேசிப் பழகினார். ஆயினும் பேச்சுப் போட்டிகளில் பன்முறை தோற்ற பின்னரே வென்றார்.

1912-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ. மாலை வகுப்பில் பயிற்சியளிக்க முன்வந்தார். நிலையான ஊதியத்திற்கு நிருவாகம் இசையவில்லை. கட்டணத்தில் பங்கு மட்டுமே. மாணவர் வாராவிடின் வயிற்றுப்பாட்டிற்கு வழியில்லை. கற்று வைத்திருந்த விதிகளோ முதல் வகுப்பு முடியுமுன்பே தீர்ந்தன! திகைத்தவர், மாணவர்களையே எழுப்பி, தத்தமக்குச் சினமூட்டிய ஒன்றைப் பேசச் சொன்னார். அஞ்சி ஒடுங்கியிருந்தோர் அச்சம் மறந்து பேசினர். விதிகளையே முதலில் வைக்கும் நம் பாடத்திட்டம் சரிதானா என நாம் ஐயுறுவது இவ்விடத்தில்தான். அவர் 1955-இல் மறையும்வரை அப்பயிற்சியில் மாணவர் பேச்சே முதலிடம் பெற்றது.